பனியைக் கிழிக்கும் விளக்கு எந்தக் கடையிலும் இல்லை

கார்த்திகை பிறந்தால் போதும், லாரிக்காரர்கள் விளக்கு கேட்டு வரத் தொடங்கிவிடுவார்கள். வடக்கே லோடு கிடைத்திருக்கிறது, ஆக்ரா தாண்டினால் முன்னால் போகிற வண்டியே தெரியாது, பனியைக் கிழித்துக்கொண்டு போகிற மாதிரி எல்.இ.டி. ஃபாக் லைட்டாகப் பார்த்துப் போட்டுக் கொடுங்கள் என்பார்கள். நாமக்கல்லில் லாரி ஒயரிங் செய்து பிழைப்பவன் நான். வருகிற வேலையைக் குறை சொல்லக் கூடாதுதான். ஆனால் போட்டு அனுப்புகிற வேலையைவிட, வேறு யாரோ போட்டதைப் பிடுங்கிச் சரிசெய்கிற வேலைதான் இப்போதெல்லாம் அதிகமாக வருகிறது.

இதை எழுதவைத்தது ஒரு பன்னிரண்டு சக்கர வண்டி. இணையத்தில் வாங்கிய நான்கு விளக்குகளை உரிமையாளரின் மகனே மாட்டியிருக்கிறார். பேட்டரியிலிருந்து நேராக ஒரு மெல்லிய ஒயர். ஃபியூஸ் கிடையாது, விளக்குக்குப் போகும் மின்சாரத்தைச் சுவிட்சுக்குப் பதிலாகத் தாங்கிக்கொள்ளும் ரிலேயும் கிடையாது. கேபினைச் சாய்க்கும் கீலுக்குப் பக்கத்தில் அந்த ஒயர் சேசிஸ் விளிம்பில் உரசி உரசித் தோல் போய், செம்பு இரும்பைத் தொட்டுவிட்டது. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் கேபினுக்குள் புகை. ஓட்டுநர் பதற்றப்படாமல் ஓரங்கட்டி, பேட்டரி சுவிட்சை அணைத்ததால் ஆளும் வண்டியும் தப்பினார்கள். பட்டறைக்கு வந்தபோது முன்பக்க ஒயரிங் கட்டு ஒரு முழ நீளத்துக்கு உருகி ஒட்டிப்போயிருந்தது. கத்தியால் கீறிப் பிரித்தால் இண்டிகேட்டர் ஒயர் எது, வைப்பர் ஒயர் எது என்று நிறம் பார்த்துச் சொல்ல முடியவில்லை. எல்லாம் ஒரே கறுப்பு. சில ரூபாய் ஃபியூஸ் ஒன்று பேட்டரிக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் அது மட்டும் எரிந்து, விளக்கு அணைந்ததோடு கதை முடிந்திருக்கும்.

அந்த உரிமையாளர் அப்போதும் என்னிடம் கேட்டது ஒன்றுதான். “ஒயரிங் இருக்கட்டும் அண்ணா, இதைவிட அதிக வாட்ஸில் விளக்கு இருக்கிறதா?”

இந்தக் கேள்விக்குத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மூடுபனி என்பது காற்றில் மிதக்கும் நீர்த்துளிகள். ஒவ்வொரு துளியும் தன்மேல் படும் ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிக்கும். அதில் ஒரு பங்கு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். பத்து மடங்கு ஒளியைக் கொட்டினால் பத்து மடங்கு திரும்பி வரும். வெள்ளை வேட்டியை முகத்துக்கு நேராக விரித்துப் பிடித்துக்கொண்டு அதன்மேல் டார்ச் அடித்தால் வேட்டிதான் பளிச்சென்று தெரியும், அந்தப் பக்கம் நிற்கிற ஆள் தெரியமாட்டார். பனியில் ஹை பீம் போட்ட எந்த ஓட்டுநருக்கும் இது தெரியும். போட்டதும் எதிரே சுவர் எழும்பும், உடனே டிம்முக்கு வந்துவிடுவார். அதே ஓட்டுநர் கடைக்கு வந்தால் ஹை பீமைவிடப் பெரிய விளக்கைக் கேட்கிறார். எனக்கு இதுதான் விளங்கவில்லை.

அப்படியானால் ஃபாக் லைட் என்னதான் செய்கிறது? ஒளியைக் கூட்டுவதில்லை, அது போகக் கூடாத இடத்துக்குப் போகாமல் தடுக்கிறது. நல்ல ஃபாக் லைட்டின் ஒளி அகலமாக, தட்டையாக, தரையை ஒட்டிப் போகும். மேல் விளிம்பு கத்தியால் வெட்டியது போல் இருக்கும். அந்தக் கோட்டுக்கு மேலே, அதாவது உங்கள் பார்வை போகும் உயரத்தில் இருக்கும் துளிகளுக்கு வெளிச்சம் கிடைக்காது. வெளிச்சம் படாத துளி கண்ணைக் கூசவைக்காது. சாலை ஓரத்து வெள்ளைக்கோடும் நடுக்கோடும் பக்கத்து மண்ணும் தெரியும். அவ்வளவுதான் அதன் வேலை. நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் வண்டியைக் காட்டுவது அதன் வேலை இல்லை, அதை எதிர்பார்க்கவும் கூடாது.

இந்த விஷயத்தில் கார்க்காரரைவிட லாரிக்காரருக்கு ஒரு வசதி உண்டு. லாரி ஓட்டுநர் உட்காரும் உயரம் அதிகம். விளக்கு பம்பரில் கீழே இருந்தால் கண்ணுக்கும் ஒளிக்கும் நடுவே நல்ல இடைவெளி கிடைக்கிறது. திரும்பி வரும் வெளிச்சம் குறைவாகவே கண்ணில் படும். கடவுள் கொடுத்த இந்த வசதியைக் கெடுப்பதற்கென்றே கேபின் உச்சியில் ஒரு வரிசை விளக்கைப் பூட்டுகிறார்கள்! அங்கிருந்து வரும் ஒளி கண்ணுக்கு நேர் முன்னாலேயே பனியில் பட்டுத் திரும்புகிறது. மேலே போட்டால் தூரம் தெரியும் என்கிறார்கள். தெளிவான இரவில் தெரியும், எதிரே வருகிறவரின் கண்ணையும் குருடாக்கும். பனியில் இரண்டும் இல்லை, வெறும் வெண்மை.

அடுத்தது மஞ்சள். மஞ்சள் ஒளி பனியை ஊடுருவும் என்று எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர்களும் சொன்னார்கள், இன்றைக்கு வீடியோக்களிலும் சொல்கிறார்கள். பனித்துளியின் அளவு பெரும்பாலும் பல மைக்ரான். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ 0.4 முதல் 0.7 மைக்ரான். துளி இவ்வளவு பெரிதாக இருக்கும்போது மஞ்சள், வெள்ளை, நீலம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் சிதறும். வானம் நீலமாகத் தெரிவது காற்றின் மூலக்கூறுகள் நீலத்தை அதிகமாகச் சிதறடிப்பதால். அவை துளியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு சிறியவை. அந்தக் கணக்கை இங்கே கொண்டுவரக் கூடாது. பிரான்சில் 1993 வரை கார் முகப்பு விளக்குகள் மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே இருந்தது, பிறகு மற்ற ஐரோப்பிய நாடுகளோடு ஒத்துப்போக விட்டுவிட்டார்கள். மஞ்சளில் நீலம் குறைவு என்பதால் சிலருக்குக் கண் கூசுவது குறைகிறது. அது உண்மை, அதற்காக வாங்குங்கள், தடையில்லை. ஆனால் மேல் விளிம்பு வெட்டில்லாத மஞ்சள் விளக்கு, வெட்டுள்ள வெள்ளை விளக்குக்கு ஒருநாளும் ஈடாகாது. 6500 கெல்வின் என்று நீலம் பாய்ந்த வெள்ளையை மட்டும் எடுக்காதீர்கள்.

வாங்கும்போது பெட்டியில் அச்சிட்ட வாட்ஸை நம்பாதீர்கள். அந்தப் பன்னிரண்டு சக்கர வண்டியில் இருந்து கழற்றிய விளக்கின்மேல் 100 வாட்ஸ் என்று எழுதியிருந்தது. எஞ்சின் ஓடும்போது 27.6 வோல்ட்டில் மீட்டர் வைத்துப் பார்த்தேன்; இழுத்தது 0.8 ஆம்பியர். பெருக்கிக் கொள்ளுங்கள், 22 வாட்ஸ். நான் இதில் கோபப்பட ஒன்றுமில்லை, ஃபாக் லைட்டுக்கு 22 வாட்ஸ் எல்.இ.டி. தாராளம். பொய் சொல்லி விற்றவர் வேறு எதிலெல்லாம் பொய் சொல்லியிருப்பார் என்பதுதான் என் கவலை.

நம்பக்கூடிய சோதனை ஒன்று உண்டு, காசு செலவில்லை. கடைக்காரரிடம் சொல்லி விளக்கைப் பேட்டரியில் கொடுத்து, முழங்கால் உயரத்தில் பிடித்துச் சுவரில் அடிக்கச் சொல்லுங்கள். தட்டையான பட்டையும் மேலே தெளிவான கோடும் தெரிந்தால் அது ஃபாக் லைட். வட்டமாக ஒரு பொட்டு விழுந்தால் ஸ்பாட் லைட். சுவர் முழுக்க வெளிச்சம் பரவினால் அது லோடு இறக்குகிற இடத்தில் பயன்படும், சாலையில் ஆகாது. கண்ணாடியில் வட்டத்துக்குள் ஆங்கில ‘இ’ எழுத்தும் ஒரு எண்ணும், பக்கத்தில் ‘பி’ அல்லது ‘எஃப்3’ என்றும் இருந்தால் ஃபாக் லைட்டுக்கான ஐரோப்பிய விதிப்படி சோதித்தது என்று பொருள். போலிகளும் அதை அச்சடிக்கிறார்கள். ஆகவே சுவர்ச் சோதனையை விடாதீர்கள். பழைய ஹாலஜன் ஃபாக் லைட்டில் எச்3 பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. பல்பை மட்டும் செருகுவதும் வேண்டாம். ரிஃப்ளெக்டர் பழைய பல்பின் இழை இருந்த புள்ளிக்காகச் செய்யப்பட்டது, எல்.இ.டி. சில்லு அந்தப் புள்ளியில் உட்காராது, மேல் வெட்டு காணாமல் போகும்.

லாரி 24 வோல்ட் என்பதை எத்தனை முறை சொல்வது? காருக்கான 12 வோல்ட் விளக்கு மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவந்து, லாரியில் சேர்த்து இணைத்திருக்கும் இரண்டு 12 வோல்ட் பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் இழுக்கிறார்கள். விளக்கு எரியும், சந்தேகமே இல்லை. அந்த ஒரு பேட்டரி தினமும் காலியாகும், ஆல்டர்னேட்டர் இரண்டையும் ஒன்றாகச் சார்ஜ் செய்யும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜாகித் தண்ணீர் வற்றும். கடைசியில் இரண்டும் போகும். அப்புறம் பேட்டரி கம்பெனியைத் திட்டுவார்கள். விளக்கின்மேல் 9 முதல் 32 வோல்ட் அல்லது 10 முதல் 30 வோல்ட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

ஒயரிங்கை நான் விளக்கப்போவதில்லை, செய்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் பக்கத்தில் நின்று இவற்றை மட்டும் பாருங்கள். பேட்டரியை விட்ட ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்கிறதா? ரிலே 24 வோல்ட் ரிலேதானா? எர்த்துக்கு சேசிஸில் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு பளபளக்கும் இடத்தில் போல்ட் போட்டிருக்கிறாரா, இல்லை பம்பர் திருகு ஒன்றில் சுற்றிவிட்டாரா? ஓட்டை வழியாக ஒயர் போகும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதா? கேபினைச் சாய்த்துப் பார்த்து, கீல் பக்கம் ஒயர் இழுபடாமல் இருக்கிறதா? பி.எஸ்.6 புகை விதிப்படி வந்த புது வண்டியாக இருந்தால் முகப்பு விளக்கு ஒயரைக் கீறி இணைப்பு எடுக்க விடாதீர்கள். கண்ட்ரோல் யூனிட் அதைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு மீட்டரில் எச்சரிக்கை காட்டும், வாரண்டியிலும் வாக்குவாதம் வரும். தனி சுவிட்ச், தனி ஒயர்.

வாட்டர் சர்வீஸ் பையன்களிடமும் ஒரு வேண்டுகோள். தண்ணீர் புகாத தரம் ஐ.பி.67 என்று போட்ட விளக்கு ஒரு மீட்டர் தண்ணீரில் அரைமணி நேரம் மூழ்கினாலும் தாங்கும், அருகில் பிடித்து அடிக்கும் அழுத்த நீருக்கு அந்த எண் உத்தரவாதம் தராது. அதற்கு ஐ.பி.69கே வேண்டும். விளக்கின் பின்பக்க அலுமினியத் தகடுகளில் அப்பிய சேற்றை மட்டும் தூரத்திலிருந்து கழுவிவிடுங்கள். எல்.இ.டி.யின் சூடு அந்தப் பக்கமாகத்தான் வெளியேற வேண்டும், சேறு மூடினால் சில்லு வெந்து சாகும்.

உயரமும் கோணமும். டிப் விளக்குக்கு, அதாவது டிம்மில் எரியும் முகப்பு விளக்குக்கு, மேலே ஃபாக் லைட் போகக் கூடாது. சமதளத்தில் சுவரிலிருந்து 25 அடி தள்ளி வண்டியை நிறுத்தினால், ஒளியின் மேல் விளிம்பு விளக்கின் மையத்தைவிட 4 அங்குலமாவது கீழே விழ வேண்டும். இதை லோடு ஏற்றிய வண்டியில் பார்க்க வேண்டும் என்பதைப் பட்டறைகளே மறந்துவிடுகின்றன. லோடு ஏறினால் பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கும், காலி வண்டியில் சரியாக வைத்த கோணம் எதிரே வரும் பைக்காரரின் முகத்துக்குப் போய்விடும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 106-ஆம் விதி இதைத்தான் சொல்கிறது: விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், வலப்பக்கம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசக் கூடாது. 111-ஆம் விதியின்படி பதிவு அதிகாரியின் முன் அனுமதியில்லாமல் முன்பக்கம் ஸ்பாட் லைட்டே வைக்கக் கூடாது. எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குப் போகுமுன் எல்லாவற்றையும் கழற்றிக் கொடுங்கள், வந்ததும் திரும்பப் பூட்டலாம் என்று என்னிடம் வருகிறவர்களுக்கு: கழற்றித் தருகிறேன், திரும்பப் பூட்டமாட்டேன். வேறு பட்டறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுநர் தம்பிகளுக்கு ஒரு கணக்கு. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறது. எதிரே ஏதோ நிற்கிறது என்று மூளைக்கு எட்டிக் கால் பிரேக்குக்குப் போகவே ஒன்றரை விநாடி ஆகும், அதற்குள் 25 மீட்டர் போயிருக்கும். ஏர் பிரேக் பிடிக்கத் தொடங்குவது அதற்குப் பிறகு. கண்ணுக்கு 30 மீட்டர்தான் தெரிகிறது என்றால் எந்த விளக்கைப் போட்டும் பயனில்லை. யமுனா விரைவுச் சாலையில் குளிர்காலத்தில் கனரக வண்டிகளுக்கு 60 என்று வேகத்தைக் குறைக்கிறார்கள். அது உச்ச வரம்பு. அடர்ந்த பனியில் 30 கூட அதிகம். தயவுசெய்து தாபாவில் ஒதுக்கி நிறுத்திவிடுங்கள், சாலை ஓரத்தில் வேண்டாம்.

முன்னால் நான்கு விளக்கு கேட்கிறவர்கள் பின்னால் ஒன்றைக்கூடக் கேட்பதில்லை. பனியில் உங்களை இடிக்கப் போகிறவர் பின்னால்தான் வந்துகொண்டிருக்கிறார். பின்பக்கத்துக்கான சிவப்பு ஃபாக் லைட் ஒன்று வலப்பக்கம் போடுங்கள், பனி விலகியதும் அணைத்துவிடுங்கள். சேறு படிந்த ரிஃப்ளெக்டர் டேப்பை ஈரத்துணியால் துடையுங்கள், உரிந்திருந்தால் மாற்றுங்கள். கிளம்பும் முன் கிளீனரைப் பின்னால் நிறுத்தி, பிரேக்கை மிதித்து, இண்டிகேட்டரைப் போட்டு, ஒவ்வொன்றும் எரிகிறதா என்று குரல் கொடுத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.