நைலான் கிட்டாருக்கு ஸ்டீல் ஸ்ட்ரிங் வேண்டாம்

கிட்டார் பழுதுபார்க்கும் என் பட்டறைக்குப் போன மாதம் ஓர் அப்பாவும் மகளும் வந்தார்கள். எட்டாவது படிக்கும் பெண், நைலான் ஸ்ட்ரிங் மாட்டும் கிளாசிக்கல் கிட்டார் கற்றுக்கொள்கிறாள். "சத்தமே பத்தலைங்க, அதான் ஸ்டீல் ஸ்ட்ரிங் மாட்டினோம். ரெண்டு மாசம் கணீர்னு இருந்துச்சு" என்றார் அப்பா.

உறையிலிருந்து எடுத்துப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். ஸ்ட்ரிங்கைக் கட்டும் மரக்கட்டையான பிரிட்ஜுக்குப் பின்னால் முன்பலகை பூரி மாதிரி உப்பியிருந்தது. ஒரு விசிட்டிங் கார்டை பிரிட்ஜின் பின்விளிம்பில் நுழைத்தேன், தடையில்லாமல் கால்வாசி உள்ளே போனது. ஒட்டு விட்டிருந்தது. கையை வைக்கும் முன் ஆறு ஸ்ட்ரிங்கையும் தளர்த்தினேன்.

நைலான் ஸ்ட்ரிங் ஆறும் சேர்ந்து பிரிட்ஜை இழுக்கும் விசை ஏறக்குறைய 40 கிலோ. ஸ்டீல் செட் என்றால் 70 கிலோவை ஒட்டிப் போகும். கிளாசிக்கல் கிட்டாரின் முன்பலகை 2 மில்லிமீட்டர் சொச்சம்தான் கனம். பெரும்பாலானவற்றில் கழுத்துக்குள் அது வளையாமல் தாங்கும் இரும்புக் கம்பியும் கிடையாது. அப்புறம் அது எப்படித் தாங்கும்? முதலில் பலகை உப்பும், பிறகு கழுத்து வளையும், ஒரு நாள் பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும்.

"மூணு கம்பி ஏற்கெனவே ஸ்டீல்தானே?" என்று கேட்டார். நிறையப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். தடித்த மூன்றும் வெள்ளிபோல் மின்னினாலும் உள்ளே இருப்பது நைலான் இழைக்கற்றை. மேலே சுற்றியிருப்பது வெள்ளி முலாம் பூசிய செம்புக் கம்பி. கடையில் 'கிட்டார் ஸ்ட்ரிங்' என்று மட்டும் கேட்டால் ஸ்டீலைத்தான் எடுத்து நீட்டுவார்கள். உங்கள் கிட்டாரில் ஸ்ட்ரிங்கை பிரிட்ஜில் முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கிறதா, தலைப்பகுதியில் நீளமாக இரண்டு திறப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் 'கிளாசிக்கல் கிட்டாருக்கு நைலான் செட்' என்று முழுதாகச் சொல்லிக் கேளுங்கள். புது நைலான் நாலைந்து நாள் இழுபட்டு சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். அதைக் குறை என்று நினைக்க வேண்டாம்.

முன்பலகை மெலிதாக இருப்பது சிக்கனத்துக்காக இல்லை. ஸ்பெயினின் அல்மேரியாவில் பிறந்த அந்தோனியோ தே டோரஸ்தான் இன்றைய கிளாசிக்கல் கிட்டாருக்கு உருவம் கொடுத்தவர். 1862-இல் அவர் ஒரு கிட்டார் செய்தார். பின்பக்கமும் பக்கங்களும் காகிதக்கூழ் அட்டை, முன்பலகை மட்டும் நல்ல மரம். குரல் முன்பலகையில்தான் இருக்கிறது என்று காட்டவே அப்படிச் செய்தார். அது இன்னும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் பலகையின்மேல் தேவையில்லாத பாரத்தை ஏற்றினால் குரலைத்தான் நெரிக்கிறோம்.

ஒரு காலத்தில் கிளாசிக்கல் கிட்டாருக்கு விலங்குக் குடலில் செய்த நரம்புதான். இரண்டாம் உலகப் போரில் அறுவைசிகிச்சைத் தையலுக்கு அது தேவைப்பட்டதால் தட்டுப்பாடு வந்தது. நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் நைலானில் ஸ்ட்ரிங் செய்தார், ஸ்பெயின் கிட்டார் கலைஞர் செகோவியா அதை மேடைக்குக் கொண்டுபோனார்.

சரி, சத்தம்? அந்தப் பெண்ணை என் கிட்டாரில் வாசிக்கச் சொன்னேன். நகம் ஒட்ட வெட்டியிருந்தது, விரல் ஸ்ட்ரிங்கை வெறுமனே தடவிப் போனது. அடித்த விரல் அடுத்த ஸ்ட்ரிங்கில் போய்ச் சாய்ந்து நிற்கும் அப்போயாந்தோ முறையில் மெட்டை வாசிக்கக் காட்டினேன். ஒலி உடனே திரண்டு வந்தது. துளைக்கு அருகே வாசித்தால் குழைவு, பிரிட்ஜ் பக்கம் போனால் கூர்மை. இத்தனை குரலும் அந்த ஆறு நைலானிலேயே இருக்கிறது. கேட்கிறவர் கொஞ்சம் கிட்டே வந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

பழைய பசையைச் சுரண்டி, பிரிட்ஜை ஒட்டி, ஒரு முழு நாள் கிளாம்ப் போட்டு வைத்தேன். உப்பல் முக்கால்வாசி வடிந்தது, மிச்சம் அப்படியேதான் இருக்கும் என்று சொல்லித்தான் கொடுத்தேன். வாங்க வந்த அன்று அவள் ஸ்பெயின் இசையமைப்பாளர் தாரெகாவின் 'லாக்ரிமா'வை எடுத்தாள். வெளிச்சமாக ஒலிக்கும் மேஜரில் தொடங்கி நடுவில் சோகமாக ஒலிக்கும் மைனருக்கு இறங்கும் சின்ன உருப்படி. அந்த இறக்கம் வந்தபோது அப்பா எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினார்.