அகத்தி வேரில் ஒரு சிவப்பு முடிச்சு

சேலத்தை ஒட்டிய கன்னங்குறிச்சியில் எங்கள் கொல்லைப்புறத்து அகத்தியின் அடிமண்ணை மெல்லக் கிளறினேன். மெல்லிய வேர்களில் மிளகளவு முடிச்சுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றைக் கிள்ளி நகத்தால் பிளந்தேன், உள்ளே இளஞ்சிவப்பு. நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம் தரும் நிறம் அது. இரண்டிலும் இரும்பு இருக்கிறது.

முடிச்சுக்குள் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியாவாக மாற்றுகின்றன. அதைச் செய்யும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். பாக்டீரியா மூச்சுவிடவோ ஆக்சிஜன் வேண்டும். இந்தச் சிக்கலில் சிவப்புப் புரதம் நடுவில் நின்று, ஆக்சிஜனைத் தேவைக்கு மட்டும் அளந்து கொடுக்கிறது. எத்தனை நேர்த்தியான ஏற்பாடு! பிளந்த முடிச்சு உள்ளே பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் வேலை நின்றுவிட்டது என்று பொருள்.

அகத்தி பிடித்த நைட்ரஜன் பக்கத்து வாழைக்கு எப்படிப் போகிறது? வேர் வழியாக நேரே போவது கொஞ்சம்தான். கிளைகளைக் கவாத்து செய்து வாழையடியில் போடும்போது இலை மட்கிப் போவதே அதிகம். வெட்டுப்பட்ட மரம் நுனிவேர்களையும் முடிச்சுகளையும் ஓரளவு கைவிடுகிறது. அவையும் மண்ணில் கரைகின்றன. கீரையை முழுவதும் சமையலுக்கே பறித்துவிட்டால் மண்ணுக்கு அதிகம் மிஞ்சாது. முருங்கையும் இப்படி மண்ணை வளமாக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது அவரைக் குடும்பத்து மரம் அல்ல. அதன் வேரில் இந்த முடிச்சுகள் இல்லை.

ஒரே இடத்தில் மரமும் செடியும் அடுக்கடுக்காக நின்று வெயிலைப் பங்கிடும் வித்தையைப் பார்க்க 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டுக்குப் போக வேண்டும். உயரே சில்வர் ஓக், அதன் தண்டில் மிளகுக்கொடி, கீழே காபி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே கொண்டுவந்த காபி, எத்தியோப்பியக் காடுகளில் பெருமரங்களின் நிழலில் பிறந்த செடி. அதன் இலைக்கு முழு வெயிலில் பாதிகூட வேண்டாம். மிஞ்சும் வெளிச்சம் இலையைச் சுடத்தான் செய்யும். சமவெளியில் நமக்கு வேண்டியது அந்த அடுக்கு முறை மட்டுமே. காபிக்குப் பதில் மஞ்சள், சேப்பங்கிழங்கு, கறிவேப்பிலை.

மேலடுக்கில்தான் பலர் தவறுகிறார்கள். மாமரங்களுக்கு வழக்கமாக விடும் இடைவெளி 10 மீட்டர். அப்படியானால் ஒரு மரத்துக்கு 100 சதுர மீட்டர், ஏறத்தாழ இரண்டரை சென்ட். சேலத்து வீட்டுக் கொல்லையின் மொத்தப் பரப்பே பல இடங்களில் அவ்வளவு வராது. ஒட்டுக்கன்று ஒன்றே ஒன்று வைத்து, ஆண்டுதோறும் காய்ப்பு முடிந்ததும் கவாத்து செய்து குள்ளமாக வைத்திருந்தால்தான் கீழே கொய்யாவுக்கும் எலுமிச்சைக்கும் வெளிச்சம் இறங்கும்.

சருகைக் கூட்டிக் கொளுத்தும் வழக்கம் எனக்குத் தாங்க முடியாத வருத்தம் தருகிறது. இலையிலிருந்த நைட்ரஜனில் பெரும்பகுதி புகையோடு போய்விடுகிறது. மாவிலை தடித்தது, மட்க நாளாகும். அதுவரை போர்வையாக இருந்து மண்ணின் ஈரத்தைக் காக்கும். அகத்தியிலை சீக்கிரமே மட்கி உரமாகும். இரண்டையும் கலந்து தடிமனாகப் பரப்புங்கள். அடிமரத்தை ஒட்டி மட்டும் வேண்டாம், பட்டை அழுகும். சில மாதம் கழித்து விலக்கிப் பார்த்தால் வெள்ளைப் பூஞ்சை இழைகளும் மண்புழுக் கழிவும் தெரியும்.

அந்த ஈரத்தை மரத்து இலைகள் ஆவியாக்கும்போது கொல்லை குளிர்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ மூன்றில் இரண்டு யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பத்தை உறிஞ்சுகிறது. சேலத்துச் சித்திரையில், சோப்பு கலக்காத அரிசி கழுவிய நீரை வாழைக்குத் திருப்பிவிடுவது வீண்போகாது.

அகத்திக்கு ஆயுள் குறைவு. சில ஆண்டுகளில் மா தழைத்து நிழல் கட்டியதும் அது நலிந்துவிடும். அப்போது வேரோடு பிடுங்காதீர்கள். தரைமட்டத்தில் வெட்டி, தண்டை மாவின் அடியில் கிடத்துங்கள். மண்ணுக்குள் வேர் மட்கிய வழியே ஐப்பசி மழை இறங்கும்.