வள்ளமும் ஜவுளிக்கடை பொம்மையும்

நாகர்கோவில் ஜவுளிக்கடைகளில் பட்டுச்சேலை உடுத்தி நிற்கும் பொம்மைகளில் ஒன்று உடைந்தால், அந்த உடைசலுக்குள் எட்டிப் பாருங்கள். வெளியே வழவழவென்ற தோல். உள்ளே சொரசொரப்பு, தாறுமாறாகப் படிந்த வெள்ளை இழைகள், சில மில்லிமீட்டர் கனத்தில் ஒரு கூடு. குளச்சல் கரையில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் வள்ளத்தை உடைத்தாலும் இதைத்தான் காண்பீர்கள். இரண்டும் கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் ரெசினும் சேர்ந்த ஒரே பொருள்.

செய்முறையும் ஏறத்தாழ ஒன்றுதான். அச்சின் உட்புறத்தில் மெழுகு தேய்த்து, அதன்மேல் ஜெல்கோட் பூசுவார்கள். பிற்பாடு வெளித்தோலாவது அதுதான். பிறகு கண்ணாடி இழைப் பாயை விரித்து, ரெசினில் ஊறவைத்து, உருளையால் காற்றுக் குமிழிகளை நசுக்கி வெளியேற்றுவார்கள். ரெசின் என்பது ஸ்டைரீன் திரவத்தில் கரைந்திருக்கும் பாலியெஸ்டர் மூலக்கூறுச் சங்கிலிகள். நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு வினையூக்கி கலந்ததும், ஸ்டைரீன் மூலக்கூறுகள் சங்கிலிகளுக்கு நடுவே பாலம் போடத் தொடங்கும். கலவை தானாகவே சூடேறிக் கல்லாக இறுகிவிடும். ரெசின் மட்டும் இருந்தால் நொறுங்கும். இழுவிசையைத் தாங்குவது கண்ணாடி இழை.

குலசேகரம் பக்கத்து ரப்பர் விவசாயிகளுக்கு இந்த வேதியியல் அந்நியமல்ல. பால் உறைந்த ஷீட்டைச் சூடாக்கினால் இளகும். அதில் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் சங்கிலிகள் குறுக்கே பிணைந்துகொள்ளும். சார்லஸ் குட்இயர் 1839இல் கண்ட வழி இது. அதன்பின் எத்தனை காய்ச்சினாலும் ரப்பர் உருகாது, கருகத்தான் செய்யும். ஃபைபர் பொம்மையின் சிக்கலும் இதுவே. பழையதை உருக்கிப் புதியது வார்க்க முடியாது. எரித்தால் நச்சுக் கரும்புகை கிளம்பும், கண்ணாடி அப்படியே மிஞ்சும். புதைத்தால் மக்காது.

மாற்று இல்லாமலில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெழுகுப் பொம்மைகள் இருந்தன, வெயிலில் இளகின. காகிதக் கூழ் மண்ணுக்கு நல்லதுதான். ஆனால் இரண்டு பருவமழையும் பெய்கிற நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்காமல் காப்பது பெரும்பாடு. மக்காச்சோளத்திலிருந்து எடுக்கும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். அது மக்குவதற்கும் ஆலைகளின் உரக்குழியில் இருக்கிற அளவு சூடு வேண்டும்; வீட்டுக் குப்பைக்குழி போதாது. தாவர எண்ணெய் கலந்த ரெசினைப் பசுமை என்று விற்கிறார்கள். இறுகியபின் அதுவும் அதே குறுக்குப் பிணைப்புதான் என்பதை வாங்குகிறவர்களிடம் சொல்ல வேண்டும்.

தண்ணீர்த் தொட்டி செய்யும் பாலிஎத்திலீன் நேர்மையான மாற்று. அதை உருக்கி மறுபடி வார்க்கலாம். பெயின்ட் எளிதில் பிடிக்காது, முக நுணுக்கங்களும் சற்று மழுங்கும். தலையில்லாத பொம்மைக்கு அது ஒரு குறையே இல்லை.

கடைகளில் ஏற்கெனவே நிற்கிற ஃபைபர் பொம்மைகளைப் பொறுத்தவரை, விரல் போனதற்காக அவற்றைத் தூக்கி எறிவது அநியாயம். குளச்சலிலும் முட்டத்திலும் வள்ளம் பழுதுபார்ப்பவர்களிடம் அதற்கான கைவேலை இருக்கிறது. உடைந்த ஓரத்தைச் சரிவாகத் தேய்த்து, உட்பக்கம் இழைத் துண்டுகளை ரெசினில் நனைத்து ஒட்டி, இறுகியதும் மேலே பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் போதும். தேய்க்கும்போது கண்ணாடித் தூள் பறக்கும்; முகக்கவசம் இல்லாமல் யாரும் அதைச் செய்யக் கூடாது.