சிபிஐ: நடுவண் புலனாய்வுப் பணியகம்

சிபிஐயை (சென்ட்ரல் பீரோ ஆஃப் இன்வெஸ்டிகேஷன்) நாளிதழ்கள் ‘மத்திய புலனாய்வுத் துறை’ என்கின்றன. ‘நடுவண் புலனாய்வுச் செயலகம்’ என்று எழுதுவோரும் உண்டு. இரண்டிலும் மாறாமல் நிற்கும் ‘புலனாய்வு’ நல்ல ஆக்கம். புலன் என்பது ஐம்புலனை மட்டும் குறிப்பதன்று. அறிவுக்கு எட்டுவதும் புலன்தான். புலப்படு, புலனாகு எல்லாம் அதன் வழி வந்தவை. மறைந்து கிடப்பதைச் சான்று தேடிப் புலப்படுத்துவது புலனாய்வு. ஒற்றும் உளவும் வேறு வேலை. ‘சிபிஐ விசாரணை’ என்ற வழக்கு குழப்பம் தருவது. சிபிஐ புலனாய்ந்து குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும். குற்றத்தை விசாரித்துத் தீர்ப்பளிப்பது நீதிமன்றம்.

சிக்கல் நடு எழுத்தான ‘பி’யில்தான். ‘பீரோ’ பிரெஞ்சுச் சொல். எழுதுமேசைமேல் விரித்த முரட்டுக் கம்பளியின் பெயர் முதலில் மேசைக்கும், பிறகு அலுவலகத்துக்கும் ஆனது. நம் இலக்கணப்படி இருமடியாகுபெயர். தமிழில் அது துணிமணி வைக்கும் இரும்பு அலமாரியாகிவிட்டது. ‘துறை’ என்றால் அமைச்சகத்தின் பிரிவு போல ஒலிக்கிறது; ‘செயலகம்’ தலைமைச் செயலகத்தை நினைவூட்டுகிறது. ‘பணியகம்’தான் பொருந்தும். ‘முகமை’ வேண்டாம், அது 2008-இல் சட்டம் இயற்றி அமைத்த தேசியப் புலனாய்வு முகமைக்கு (என்ஐஏ) உரியதாகிவிட்டது. மாநிலக் காவல்துறையின் சிபிசிஐடியோடும் இதைக் குழப்பக் கூடாது.

‘நடுவண்’ என்ற அடைமொழி பின்னால் வந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், போர்த்தளவாடக் கொள்முதலில் நடந்த லஞ்சத்தைப் பிடிக்க 1941-இல் சிறப்புக் காவல் அமைப்பு ஒன்று தொடங்கப்பட்டது. 1946-இல் அதற்கு டெல்லி சிறப்புக் காவல் அமைப்புச் சட்டம் வந்தது. 1963 ஏப்ரல் 1 அன்று உள்துறை அமைச்சகம் வெளியிட்ட ஒரு தீர்மானம்தான் சிபிஐ என்ற பெயரைத் தந்தது; முதல் இயக்குநர் டி.பி. கோலி. சிபிஐக்கென்று தனிச்சட்டம் இன்றுவரை கிடையாது. பெயர் நாடு முழுவதற்கும் உரியது, அதிகாரமோ டெல்லிக்கென எழுதிய சட்டத்திலிருந்து வருகிறது. சிபிஐ சட்டத்தின் வழி அமைக்கப்படவில்லை என்று காரணம் காட்டி 2013-இல் குவாஹாட்டி உயர்நீதிமன்றம் அந்தத் தீர்மானத்தையே ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்புக்குத் தடை விதித்தது.

‘வழக்கைச் சிபிஐக்கு மாற்று’ என்று மனு கொடுப்பவர்கள் இடறுவதும் இங்கேதான். அந்த டெல்லிச் சட்டத்தின் 6-ஆம் பிரிவுப்படி மாநில அரசு இசைய வேண்டும். பிறகு 5-ஆம் பிரிவின்கீழ் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் மாநில எல்லைக்குள் சிபிஐ காவல் அதிகாரத்தைச் செலுத்த முடியாது. வழக்குதோறும் கேட்காமலிருக்கப் பல மாநிலங்கள் பொது இசைவு தந்திருந்தன. தமிழ்நாடு அதை 2023 ஜூனில் திரும்பப் பெற்றது. திரும்பப் பெற்றாலும் முன்பே பதிவான வழக்குகளின் புலனாய்வு நிற்காது. உச்ச நீதிமன்றமோ உயர்நீதிமன்றமோ ஆணையிட்டால் மாநில இசைவு தேவையில்லை. 2010-இல் மேற்கு வங்க வழக்கில் அரசியல் சாசன அமர்வு இதை உறுதிசெய்தது. வழக்கு மாறியதும், மாநிலக் காவல்துறை பதிந்த முதல் தகவல் அறிக்கையைச் சிபிஐ ‘ஆர்சி’ (ரெகுலர் கேஸ்) எண்ணிட்டு மறுபதிவு செய்யும். அதன்பின் மனுதாரர் பழைய குற்ற எண்ணோடு இந்த எண்ணையும் குறிப்பிடுவது நல்லது.