பழகிப்போனதை மறுபடி ருசிப்பது எப்படி?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தமிழகத்தின் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் கழித்துச் சென்னை காசிமேட்டில் மறுபடி பெரிய மீன் இறங்குகிறது. மார்ச்சில் பேச்சுவாக்கில் தின்று முடித்த அதே வஞ்சிர வறுவலை இப்போது முள்ளை உறிஞ்சும் அளவுக்கு ருசித்துச் சாப்பிடுகிறோம். மீன் மாறவில்லை, பழக்கம் அறுந்திருக்கிறது.

கிடைத்தது எவ்வளவு என்று மட்டும் மூளை பார்ப்பதில்லை. எதிர்பார்த்ததைவிட எவ்வளவு கூடுதல் என்றும் பார்க்கிறது. எதிர்பாராமல் இனிப்பு கிடைத்தால் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளை நரம்பணுக்கள் சட்டெனத் துடிக்கின்றன. அதுவே சொல்லிவைத்தாற்போல் தினமும் கிடைத்தால், வாய்க்கு வரும் நொடியில் அந்தத் துடிப்பு இருப்பதில்லை. புது பைக்கும் சம்பள உயர்வும் சில மாதங்களில் சாதாரணமாகிவிட இது ஒரு காரணமாக இருக்கலாம். 1978-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவில் லாட்டரி வென்ற 22 பேரிடம் விசாரித்தார்கள். மற்றவர்களைவிட அவர்கள் பெரிதாக மகிழ்ச்சியாக இல்லை. நண்பரோடு பேசுவது, காலைச் சாப்பாடு போன்ற அன்றாட விஷயங்களில் அவர்களுக்கு இன்பம் குறைந்தே இருந்தது.

எல்லாவற்றுக்கும் தடைக்காலம் போட முடியாது. அம்மாவோடு கழியும் மாலைக்கு என்ன செய்வது? இங்கே சாவு பற்றிய நினைப்பு உதவும், ஆனால் எந்த மாதிரி நினைப்பு என்பது முக்கியம். 'நாம் இருக்கும்வரை சாவு இல்லை, சாவு வந்தபின் நாம் இல்லை' என்றார் கிரேக்கத்து எபிகூரஸ். தன் சாவைப் பற்றிய பயத்துக்கு நல்ல வாதம். அம்மா இல்லாமல் போகும் நாளுக்கு அதில் பதில் இல்லை. திருவொற்றியூரில் சமாதி கொண்ட பட்டினத்தாரின் 'காதற்ற ஊசியும் வாராது காண் கடைவழிக்கே' என்ற வரி, சேர்த்துவைக்கும் ஆசையை அறுக்கிறது. கையில் இருப்பதை ருசிக்க வைப்பது வேறொன்று: மிச்சத்தை எண்ணுவது.

படிப்பு முடிய ஆறு வாரம் இருந்த கல்லூரி மாணவர்களை வைத்து நடந்த ஆய்வு 2008-ல் வெளியானது. அதே ஆறு வாரத்தைச் சிலரிடம் 'கொஞ்ச நாள்தான்' என்றும், மற்றவர்களிடம் 'நிறைய நாள் இருக்கிறது' என்றும் சொல்லி, கல்லூரி வாழ்க்கையைப் பற்றி எழுதவைத்தார்கள். இரண்டு வாரத்தில் 'கொஞ்ச நாள்தான்' என்று கேட்டவர்களின் மனநிறைவு கூடியிருந்தது.

வீட்டில் செய்வது இப்படி. அம்மா தண்டையார்பேட்டையில், மகன் தாம்பரத்தில்; மாதம் இரண்டு தடவை வருகிறார், வந்தால் இரண்டு மணி நேரம் இருக்கிறார். அம்மா இன்னும் 12 வருடம் இருப்பார் என்று வைத்துக்கொண்டால் 288 சந்திப்பு, 576 மணி நேரம். மொத்தமே 24 நாள். தாளில் இதை எழுதி, அடியிலேயே அடுத்த வருகையில் செய்யப்போகும் ஒரு காரியத்தையும் எழுத வேண்டும்: போனைப் பையில் போட்டுவிட்டு அவருடைய கருவாட்டுக் குழம்புப் பக்குவத்தைக் கேட்பது, அந்த மாதிரி.

வாரம் ஒருமுறை, பத்து நிமிடம், ஒரே ஒருவரைப் பற்றி மட்டும். 'வாழ்க்கை குறுகியது' என்று பொதுவாக எழுதினால் வேலைக்காகாது. தினமும் செய்தால் இதுவும் பழகி மரத்துப்போகும். படுக்கையில் செய்தால் விடியும்வரை கவலையாகவே சுற்றிவரும், ஆகவே பகலில் செய்யுங்கள். மனச்சோர்வில் இருப்பவர்களும் அண்மையில் வீட்டில் சாவு கண்டவர்களும் இதைத் தொடவே வேண்டாம். துக்க வீட்டுக்குக் கணக்கு எதற்கு? கூட உட்கார ஆள் வேண்டும். சாவு வீட்டில் மரண கானா பாடுகிறவர்கள் இறந்தவரின் பேரையும் உறவுகளையும் பாட்டில் வைத்து ராத்திரி முழுக்கப் பாடுகிறார்களே, அது வேண்டும்.