90 நாள் எண்ணெய்க் கையிருப்பு: விதி சொல்வதும் சொல்லாததும்

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தன. சில மாதங்களில் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. அந்த அடியில்தான் 1974-ல் சர்வதேச எரிசக்தி முகமை பிறந்தது. அதன் உறுப்பு நாடுகள், குறைந்தது 90 நாள் நிகர இறக்குமதிக்கு ஈடான எண்ணெயை எப்போதும் இருப்பு வைக்க வேண்டும். இருப்பு அரசிடம் இருக்கலாம், எண்ணெய் நிறுவனங்களின் தொட்டிகளிலும் இருக்கலாம். கனடா, நார்வே போன்ற ஏற்றுமதி நாடுகளுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது.

அமெரிக்கா 1975-ல் இதற்கென்றே சட்டம் போட்டது. டெக்சாஸ், லூசியானா கடலோரத்தில் பூமிக்கு அடியில் உள்ள உப்புப் பாறைக்குள் தண்ணீரைச் செலுத்தி, உப்பைக் கரைத்துக் குகைகள் குடைந்தார்கள். ஒரு குகை கிட்டத்தட்ட 2,500 அடி உயரம். ஒரு கோடி பீப்பாய் பிடிக்கும். எண்ணெய் வேண்டுமென்றால் அடியில் தண்ணீரை விட்டால் போதும், எண்ணெய் மிதந்து மேலே வந்துவிடும்.

எண்ணெய்க்காகப் படை அனுப்புவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து. அந்த இன்னொரு வழியையும் அமெரிக்கா விடவில்லை. பாரசீக வளைகுடாவை வெளிச் சக்தி எதுவும் கைப்பற்ற முயன்றால் ராணுவ பலத்தாலும் முறியடிப்போம் என்று 1980 ஜனவரியில் அதிபர் கார்ட்டர் அறிவித்தார். ஈரான்-ஈராக் போரின்போது, 1987-ல், குவைத் எண்ணெய்க் கப்பல்களில் அமெரிக்கக் கொடி ஏற்றிப் போர்க்கப்பல்கள் துணைக்குப் போயின. முதல் பயணத்திலேயே 'பிரிட்ஜ்டன்' என்ற ராட்சத எண்ணெய்க் கப்பல் கடல் கண்ணிவெடியில் மோதியது. அதன் பிறகு காவலுக்கு வந்த போர்க்கப்பல்கள் அந்தக் கப்பலுக்குப் பின்னால் ஒதுங்கிப் போயின. இன்னொரு வெடியைத் தாங்கும் உடம்பு அதற்குத்தான் இருந்தது!

விதியின் குறை எனக்குப் படுவது ஒன்றுதான். எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று கறாராகச் சொல்கிறது. எந்த நாளில் திறக்க வேண்டும் என்பதை ஆட்சியாளர்களிடம் விட்டுவிடுகிறது. அமெரிக்காவில் அந்த முடிவு அதிபருடையது. 1990 ஆகஸ்ட் 2-ல் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது, எண்ணெய் விலை தாறுமாறாக ஏறியது. இலையுதிர் காலத்தில் சோதனைக்காகக் கொஞ்சம் விற்றார்கள், அவ்வளவுதான். நெருக்கடிக்கென்று கையிருப்பைத் திறக்கும் உத்தரவு 1991 ஜனவரி நடுவில், பாக்தாத் மீது குண்டுவீச்சு தொடங்கியபோதுதான் வந்தது. இடைப்பட்ட அந்த ஐந்தரை மாதமும் குகைகளில் 50 கோடிக்கும் அதிகமான பீப்பாய் எண்ணெய் இருந்தது.