நாய்க்கு ஸ்ட்ரெஸ் ஹார்மோன் டெஸ்ட்: ரத்தம் எடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

"டாக்டர், இவன் எப்பவும் டென்ஷனாவே இருக்கான், ரத்தத்துல ஸ்ட்ரெஸ் ஹார்மோன் எவ்வளவு இருக்குன்னு பார்த்துடலாமா?" ஸ்ட்ரெஸ் ஹார்மோன் எனப்படும் கார்டிசால் பற்றி எங்கேயாவது படித்துவிட்டு வருபவர்கள் கேட்கும் கேள்வி இது. பார்க்கலாம், லேப்பும் ஓர் எண்ணைத் தரும். ஆனால் உங்கள் நாய் வீட்டில் நிம்மதியாக இருக்கிறதா இல்லையா என்பதை அந்த எண் சொல்லாது. அதை மட்டும் தெரிந்துகொள்ள இந்த டெஸ்ட் எடுப்பது வீண் செலவு.

கார்டிசாலைச் சுரப்பது சிறுநீரகத்தை ஒட்டியிருக்கும் அட்ரினல் சுரப்பி. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி ஏசிடிஹெச் என்ற ஹார்மோனை அனுப்பினால் அட்ரினல் வேலை செய்யும், ரத்தத்தில் கார்டிசால் போதுமான அளவு ஏறியதும் பிட்யூட்டரி அடங்கிவிடும். இதுவும் ஒரே சீராக நடப்பதில்லை, விட்டு விட்டுத்தான் சுரக்கும். காரில் ஏற்றி, காத்திருக்கும் இடத்தில் முன்பின் தெரியாத நாய்களுக்கு நடுவே உட்காரவைத்து, மேஜைமேல் தூக்கி வைத்து, முன்னங்காலில் முடியை மழித்து ஊசி குத்தி எடுக்கிற ரத்தத்தில் இருப்பது அந்த நேரத்துக் கார்டிசால், அவ்வளவுதான். அப்புறம், பந்தைத் துரத்தி ஓடும்போதும், ஊருக்குப் போயிருந்தவர் திரும்பி வந்ததைப் பார்த்துத் துள்ளும்போதும்கூட அது ஏறலாம். பயமா குஷியா என்று பிரித்துச் சொல்ல அதற்குத் தெரியாது.

சரி, பின்னே இந்த டெஸ்ட் எதற்கு? முக்கியமாக இரண்டு நோய்களுக்கு. கார்டிசால் அளவுக்கு மீறிச் சுரந்தால் குஷிங் நோய், போதாமல் போனால் அடிசன் நோய். குஷிங் நாயைப் பார்த்தாலே ஓரளவு சந்தேகம் வந்துவிடும்: குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும், வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போகும், எவ்வளவு போட்டாலும் சாப்பிடும், வயிறு தொங்கும், உடம்பின் இரு பக்கமும் முடி உதிரும், சும்மா படுத்திருக்கும்போதும் மூச்சிரைக்கும். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 100 மில்லிக்கு மேல் தண்ணீர் குடித்தால் அது இயல்பில்லை. இந்த அறிகுறி எதுவும் இல்லாத நாய்க்கு டெஸ்ட் எடுத்து, எண் கொஞ்சம் கூட வந்து, அதைப் பார்த்துவிட்டு மருந்து கேட்பவர்களுக்குத்தான் நான் மாட்டேன் என்கிறேன்.

குஷிங்கைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு முறை எடுத்த ரத்தம் போதாது. சுரப்பியைச் சீண்டிப் பார்க்க வேண்டும். முதலில் ஒரு முறை ரத்தம் எடுத்துவிட்டு, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்று மிகக் குறைந்த அளவில் டெக்ஸாமெத்தசோன் (கார்டிசால் மாதிரியே வேலை செய்யும் ஸ்டீராய்டு மருந்து) ஊசி போட்டு, 4 மணி நேரம் கழித்தும் 8 மணி நேரம் கழித்தும் மறுபடி எடுப்போம். நல்ல நாய்க்கு 8-வது மணியில் கார்டிசால் அடங்கியிருக்கும், குஷிங் நாய்க்கு அடங்காது. அந்த 8 மணி நேரமும் நாயை அமைதியாக வைத்திருக்க வேண்டும். பக்கத்துக் கூண்டில் ஒரு நாய் ஓயாமல் குரைத்துக்கொண்டிருந்தால் முடிவே மாறிவிடலாம். வேறு பெரிய நோயில் படுத்திருக்கும் நாய்க்கும் அது தேறும்வரை இந்த டெஸ்டைத் தள்ளிப்போடுவதுதான் நல்லது.

எனக்குப் பிடித்தது காலைச் சிறுநீர் டெஸ்ட். சிறுநீரில் இருக்கும் கார்டிசாலை, அதே சிறுநீரில் வெளியேறும் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பல மணி நேரம் சேர்ந்த சிறுநீர் என்பதால் ஊசிப் பயம் இதில் கலக்காது. வீட்டிலேயே பிடிக்க வேண்டும், அதுவும் மருத்துவமனைக்கு வந்துபோன பிறகு குறைந்தது 2 நாள் கழித்து. ஆண் நாய்க்குக் கிண்ணத்தை நீட்டினால் போதும். பெண் நாய் முழுக்கக் குந்தி, சிறுநீர் வர ஆரம்பித்த பிறகுதான் பின்னாலிருந்து தட்டையான தட்டை மெல்ல உள்ளே தள்ள வேண்டும், அவசரப்பட்டால் எழுந்து போய்விடும், அப்புறம் அடுத்த நாள் காலைதான். இதில் அளவு இயல்பாக வந்தால் குஷிங் அநேகமாக இல்லை என்று விட்டுவிடலாம். கூடுதலாக வந்தால் அதை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்டக் கூடாது, வேறு நோய்களிலும் ஏறும்.

இன்னொன்று, மருந்துகள். "வேற மருந்து ஏதாவது போகுதா?" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள். காதுக்குச் சொட்டு மருந்து விடுவதை யாரும் மருந்தாகவே நினைப்பதில்லை. அதில் பல சமயம் ஸ்டீராய்டு இருக்கும். கண் சொட்டு, தோலில் தடவும் களிம்பு, ஏன், நீங்கள் உங்கள் கையில் தடவி நாய் நக்கிய களிம்பில்கூட இருக்கலாம். இவை நாயின் சொந்தச் சுரப்பை அமுக்கிவிடும். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு இன்னும் மோசம், பல லேப் முறைகள் அதையே கார்டிசால் என்று எண்ணிவிடும். அதனால் வீட்டில் இருக்கிற எல்லா டியூபையும் பாட்டிலையும் அப்படியே பையில் போட்டு எடுத்து வாருங்கள். டெஸ்டுக்காக ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாகவே திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், நாய் சுருண்டு விழலாம்.

ஒற்றை எண் உதவும் இடம் ஒன்று உண்டு: அடிசன். வாந்தி, பேதி, சோர்வு என்று வரும், குளுக்கோஸ் ஏற்றினால் தேறும், சில வாரத்தில் மறுபடி வரும். அப்படிப்பட்ட நாய்க்குக் கார்டிசால் 2 மைக்ரோகிராமுக்கு மேல் (ஒரு டெசிலிட்டரில்) இருந்தால் அடிசனை ஏறக்குறைய ஒதுக்கிவிடலாம். அதற்குக் கீழே வந்தால் ஏசிடிஹெச் ஊசி போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தே ஆக வேண்டும். ரிப்போர்ட்டில் அலகையும் பாருங்கள். சில லேப் நானோமோல் கணக்கில் (ஒரு லிட்டரில்) தரும், அதில் இதே 2 என்பது 55. எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்காதவர்கள் உண்டு.

உமிழ்நீர், முடி ஆகியவற்றிலும் கார்டிசால் பார்க்கிறார்கள். ஆராய்ச்சியில் நாய்களைக் கூட்டமாக ஒப்பிட அவை பயன்படும், முடி பல வாரச் சுரப்பைக் காட்டும். ஆனால் உமிழ்நீரில் தீனித் துணுக்கோ ஈறு ரத்தமோ கலந்தால் போச்சு, முடியின் நிறம்கூட அளவை மாற்றலாம். ஒரு தனி நாய்க்கு இவ்வளவுதான் இயல்பு என்று கோடு போட இவை தோதுப்படாது.

அப்படியானால் டென்ஷனான நாய்க்கு என்ன செய்வது? நீங்கள் வெளியே போனபின் அது என்ன செய்கிறது என்று மொபைலில் வீடியோ எடுத்து வாருங்கள். வாயை நக்குவது, தேவையில்லாமல் கொட்டாவி விடுவது, வாலை ஒடுக்குவது, வாசலுக்கும் ஜன்னலுக்கும் ஓயாமல் நடப்பது எல்லாம் அதில் தெரியும். நான் முதலில் பல், காது, இடுப்பு மூட்டு மூன்றையும் தொட்டுப் பார்ப்பேன், ஏனென்றால் வலியில் இருக்கும் நாயும் பார்ப்பதற்கு டென்ஷனான நாய் மாதிரியேதான் இருக்கும்.